கெண்டைக்கால் இழுப்பும் சீன எழுத்தும்

தசைப்பிடிப்பைக் குறிக்கும் சீன எழுத்து எது என்று கேட்டால் ஒரே விடை கிடைக்காது. பழைய மருத்துவ நூலைப் புரட்டினால் 'ஜிங்' என்ற எழுத்து நிற்கும். இன்றைய மருத்துவ அகராதியில் அதோடு 'லுவான்' என்ற இன்னோர் எழுத்தும் சேர்ந்து வரும். கடைத்தெருவில் திடீரெனக் கால் பிடித்துக்கொண்டவர் இவை இரண்டையும் சொல்லமாட்டார்; 'சோ-ஜின்' என்பார். 'ஜுவான்-ஜின்' என்று ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு பெயரும் இருக்கிறது. இவை ஒரே நோவுக்கு இட்ட நான்கு பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு நோயாளியைப் பார்த்து எழுந்தது. இந்த எழுத்துகள் எப்படி உருவாயின, எதற்குப் பயன்பட்டன, நம்முடைய சொற்களுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன புலப்படுகிறது என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி.

இதை மன்னாரின் கட்டுக்கரையிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்துக் கொண்டுவரும் தண்ணீரால் நிரம்புகிற குளம் இது. அதன் கீழே வயல் செய்கிறவர்கள் வெயிலிலும் சேற்றிலும் நாள் முழுதும் நிற்கிறார்கள். மன்னார்க் கரையில் கடலட்டைக்கும் சங்குக்கும் முழுகுகிறவர்கள் இருக்கிறார்கள். கடும் உழைப்பு, வியர்வை, குளிர்ந்த நீர் என்று கெண்டைக்கால் இழுப்பதற்கு வேண்டிய அத்தனையும் இந்தச் சிறிய நிலத்தில் கூடியிருக்கின்றன. சீனத்தோடு இந்த நிலத்துக்குள்ள உறவும் பழையது. 2016, 2017 ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் கட்டுக்கரையில் அகழ்வு நடந்து, இங்கே இருந்த பழைய குடியிருப்பின் தடயங்கள் வெளிப்பட்டன. இந்தக் குடியிருப்புக்கு அருகிலிருந்த பெருந்துறை மாந்தை. அங்கே 1980களின் முற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழ்வில் தாங் காலத்துச் சீனப் பாண்டங்கள் கிடைத்தன. சீன எழுத்தும் தமிழெழுத்தும் ஒரே கல்லில் நிற்பதைப் பார்க்கக் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். 1409 ஆம் ஆண்டைக் குறிப்பிடும் அந்த மும்மொழிக் கல் 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனத்தில் புத்தருக்கும் தமிழில் தெனாவரை நாயனாருக்கும் பாரசீகத்தில் அல்லாவுக்கும் கொடுத்த காணிக்கைகளை அது பட்டியலிடுகிறது. பொன், வெள்ளி, பட்டோடு நறுமண எண்ணெயும் அந்தப் பட்டியலில் உண்டு.

இனி 'ஜிங்' எழுத்துக்கு வருவோம். சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு கூறுகளால் ஆனவை. ஒன்று பொருளின் இனத்தைக் காட்டும், மற்றது ஓசையைத் தரும். 'ஜிங்' எழுத்தின் மேலும் இடப்புறமும் வளைத்து நிற்பது நோய்க்குறி. படுக்கையில் கிடக்கும் மனிதனின் பழஞ்சித்திரத்திலிருந்து வந்தது அது. உள்ளே இருப்பது ஓசைக்கூறு. வெண்கலப் பாத்திரங்களில் பொறித்த பழைய வடிவத்தில் அது தறியில் இழுத்துக் கட்டிய பாவுநூல்களைக் காட்டுகிறது என்பது இன்றைய எழுத்தாய்வாளர் பலரின் கருத்து. கி.பி. 100 இல் 'ஷுவோவென் ஜியேசி' என்ற பேரகராதியை முடித்த சூ ஷென், அதே கூறை நிலத்தடி நீரோட்டம் என்று விளக்கினார். இரண்டில் தறியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கழுத்து, முழங்காலுக்குக் கீழான கால், செடியின் தண்டு, ஒற்றையடிப் பாதை, விறைப்பான வலு ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளிலும் இதே கூறு இருக்கிறது. எல்லாமே நேராக நீண்டவை, இழுபட்டு நிற்பவை. பாவுநூலுக்கான எழுத்தும் இந்தக் குடும்பம்தான். அக்குபங்சர் மருத்துவர் உடலில் ஓடுவதாகச் சொல்லும் நெடுநாளங்களுக்கும் அதே எழுத்தே பெயர். ஆக 'ஜிங்' என்று எழுதியவர் கண்டது துடிக்கும் தசையை அன்று. இழுத்துக் கட்டிய நூலைப்போல் விறைத்துப்போன உடலை. சூ ஷென் கொடுக்கும் பொருளும் விறைத்து இறுகுதல் என்பதே.

எந்த நோயாளியின் உடல் அது? கி.பி. 2 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவரின் பெயரில் வழங்கும் 'ஜின்குய் யாவ்லுவே' நூலின் இரண்டாம் இயல் இதற்கு விடை சொல்கிறது. விறைப்பு நோய், ஈர நோய், வெயில் தாக்கம் ஆகிய மூன்றையும் அந்த இயல் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. அங்கே வரும் விறைப்பு நோயாளிக்குக் கழுத்து வளையாது, வாய் பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாகப் பின்னால் வளையும். நம் ஊரில் இதை ஏற்புவலி என்பார்கள். ஆணி குத்தியவருக்கு ஏற்பூசி போடச் சொல்வது இந்த நோய்க்குப் பயந்துதான். எனவே 'ஜிங்' முதலில் இரவில் வந்துபோகும் காலிழுப்பின் பெயராக இருக்கவில்லை, உயிர்பறிக்கும் நோயின் பெயராகவே இருந்தது. ஆனால் அந்த இயலில் இன்னொரு செய்தியும் உண்டு. வியர்வை வராத விறைப்பை வன்மையானது என்றும் வியர்வையோடு வரும் விறைப்பை மென்மையானது என்றும் நூல் பிரிக்கிறது. நோயாளியை அளவுக்கு மீறி வியர்க்கவைத்தாலே விறைப்பு உண்டாகும் என்றும் எச்சரிக்கிறது. வெயிலும் வியர்வையும் விறைப்பும் ஒரே இயலில் சேர்ந்து நிற்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் தசை இழுக்கிறது என்ற விளக்கம் அந்த மருத்துவரிடம் இல்லாவிட்டாலும், நோயாளியின் படுக்கையருகில் இருந்து பார்த்த கண் அவரிடம் இருந்தது.

இந்த எழுத்துக்கு ஒரு விபத்தும் நேர்ந்தது. கையெழுத்துப் பிரதிகளில் 'ஜிங்' என்று வரவேண்டிய பல இடங்களில் அதைப்போலவே தோற்றமளிக்கும் வேறோர் எழுத்து புகுந்துவிட்டது. நோய்க்குறி அப்படியே இருக்க, உள்ளே பாவுநூல் கூறுக்குப் பதிலாக வேறொரு கூறு அமர்ந்துகொண்டது. 12 ஆம் நூற்றாண்டில் ஜாங் ஜோங்ஜிங்கின் பெயரில் வழங்கும் இன்னொரு நூலுக்கு உரை எழுதிய செங் வூஜி, அது படியெடுத்தோர் பிழை, 'ஜிங்' என்றே இருக்கவேண்டும் என்று குறித்தார். ஆனாலும் பிழையான வடிவம் சாகவில்லை. அதற்குத் தனிப் பொருள் கற்பிக்க முயன்றவர்களும் உண்டு. புள்ளியிடாத ஓலையில் மெய்யா உயிர்மெய்யா என்று திணறிய நம் ஏட்டுப் பதிப்பாசிரியர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இராது. மருத்துவ ஏட்டில் நடக்கும்போது அதன் விளைவு மட்டும் பெரிது: எழுத்து மாறினால் நோய் மாறும், நோய் மாறினால் மருந்து மாறும்.

அடுத்தது 'லுவான்'. இதில் கீழே கை. மேலே நடுவில் பேச்சைக் குறிக்கும் எழுத்தும் அதன் இருபுறமும் இரண்டு பட்டுநூல்களும். மேற்கூறு ஓசைக்காக வந்தது என்றாலும், அதைத் தாங்கிய உறவெழுத்துகளின் பொருள்களைப் பார்த்தால் மனம் நின்றுவிடுகிறது: இரட்டைக் குழந்தைகள், வில்லாக வளைதல், ஒருவரைப் பிரியமுடியாத ஏக்கம். கட்டுண்டவை, முறுகியவை, விடுபட மறுப்பவை. சூ ஷென் 'லுவான்' என்பதற்குக் கட்டுதல் என்று பொருள் தந்தார். விரல்கள் மடங்கி நிமிர்த்த முடியாமல் போவதும், கால் மடங்கி நீட்ட முடியாமல் போவதும் இந்த எழுத்தால் குறிக்கப்பட்டன. 23 கோடுகள் கொண்ட இதை மக்கள் சீனத்தின் எழுத்துச் சீர்திருத்தம் 10 கோடுகளாகச் சுருக்கியது. சுருக்கியபோது அந்தப் பட்டுநூல்கள் இரண்டும் போய்விட்டன. படிக்க எளிதாயிற்று என்பது உண்மை; எழுத்து எங்கிருந்து வந்தது என்ற தடம் அழிந்ததும் உண்மை. 'ஜிங்'கும் 'லுவான்'னும் இணைந்த தொடர் ஜப்பானில் 'கெய்ரென்' என்றும் கொரியாவில் 'கியோங்னியோன்' என்றும் இன்றும் மருத்துவச் சொல்லாக வாழ்கிறது.

ஆனால் மக்களின் வாயில் இருந்தது 'ஜின்'. மூங்கில், சதை, வலு என்ற மூன்று கூறுகளைச் சேர்த்து எழுதுவது. சதைக்குள் இருக்கும் வலு 'ஜின்' என்றும், மூங்கில் நார் மிகுந்த பொருள் ஆதலால் அது சேர்ந்தது என்றும் சூ ஷென் காரணம் காட்டுகிறார். தசைநார், தசை, தோலுக்கு மேலே புடைத்துத் தெரியும் நாளம் எல்லாம் பேச்சில் 'ஜின்' ஆகிவிடும். தமிழில் நரம்பும் இதே வேலையைச் செய்கிறது. யாழின் தந்தி நரம்பு, இலையின் கோடு நரம்பு, கையில் பச்சையாகத் தெரிவது நரம்பு, மூளையிலிருந்து செய்தி கொண்டுபோவதும் நரம்பு. சீனர் 'சோ-ஜின்' என்னும்போது 'ஜின்' இழுக்கிறது என்கிறார். மன்னாரில் 'நரம்பு இழுக்குது' என்கிறோம். இரண்டு மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றதால் வந்த ஒற்றுமை அன்று இது. தோலுக்கடியில் கயிறு இறுகுவதுபோல் தோன்றுவதைத் தொட்டுப் பார்த்த விரல்கள் எங்கும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

'ஜுவான்-ஜின்' என்பது 'ஜின்' புரளுதல். 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற பழைய மருத்துவத் தொகுப்பின் லிங்ஷுப் பகுதியில், உடலின் பன்னிரண்டு ஜின் தடங்களை விவரிக்கும் இயலில், ஒவ்வொரு தடத்தின் வழியிலும் வரும் புரளலைச் சொல்லி, சுட்ட ஊசியால் குத்தச் சொல்கிறார்கள். குத்தவேண்டிய இடம் எது? நோகிற இடமே குத்துமிடம் என்கிறது நூல். நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்குப் பெயர் வைத்த ஒரு மருத்துவ மரபு, இந்த நோவுக்கு மட்டும் அப்படி நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. புரளுதல் என்ற எண்ணமோ சீனத்தோடு நிற்கவில்லை. ஜப்பானியர் கெண்டைக்கால் இழுப்பை 'கொமுரா-கயேரி', அதாவது கெண்டைக்கால் புரளுதல் என்கிறார்கள். நம் பக்கத்து வீட்டுச் சிங்களத்தில் 'கெண்ட பெரளெனவா' என்றால் அதே பொருள், கெண்டை புரளுகிறது. உயிரினங்களும் பெயருக்குள் வந்து அமர்கின்றன. வியட்நாமியப் பெயரில் எலி இருக்கிறது. கொரியப் பேச்சில் இழுப்புக்கும் எலிக்கும் ஒலி ஒன்று. தமிழில் மீன்: கெண்டை மீன் வடிவில் திரண்டிருப்பதால் கெண்டைக்கால். இழுப்பு வந்த நேரத்தில் அந்தச் சதை உருண்டு நகர்வதைப் பார்த்தவருக்கு எலியோ மீனோ நினைவுக்கு வருவது இயல்பு.

தமிழுக்குள்ளேயே எல்லாம் ஒரே சீராக இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். 'வலித்தல்' என்றால் இழுத்தல். தண்டு வலிக்கிறோம், கயிறு வலிக்கிறோம். தமிழ்நாட்டில் 'கால் வலிக்குது' என்றால் வேதனை என்று பொருள். ஈழத்தில் வேதனை 'நோ'. 'கால் நோகுது' என்போம். 'வலி வந்திட்டுது' என்று ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தால், அவள் சொல்வது உடம்பு வெட்டி இழுக்கும் வலிப்பை. இழுத்தல் என்ற பழைய பொருள் ஈழப் பேச்சில் நோயோடு ஒட்டியே நின்றுவிட்டது. ஏற்புவலியும் குரக்குவலியும் அந்தப் பொருளில் பிறந்த சொற்கள். குரக்குவலியின் முற்பகுதியை, வளைதல் என்ற பொருளுள்ள 'குரங்குதல்' என்ற பழைய வினையோடு சேர்த்துப் பார்க்கிறேன். மடக்கி இழுக்கும் நோய் என்று பொருள் தெளிவாக வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது 'கொரக்களி' என்றும் 'கொரக்கு' என்றும் இன்றும் உயிரோடு இருக்கிறது. இங்கே 'குறண்டிப் பிடிக்குது' என்கிறோம். பாடப்புத்தகமும் சுகாதாரத் துண்டுப்பிரசுரமும் 'தசைப்பிடிப்பு' என்கின்றன. அது நல்ல சொல்தான். ஆனால் நரம்பு இழுக்கிறது என்று சொல்லும் முதியவருக்கு நரம்பு நோய் என்று பதியப்பட்டாலும், வலி என்று சொல்லும் தாய்க்கு நோமாத்திரை எழுதப்பட்டாலும் குற்றம் நோயாளியுடையது அல்ல. கேட்பவர் அந்த நிலத்தின் சொல்லைக் கற்றிருக்கவேண்டும்.

'ஜுவான்-ஜின்' சீனத்தில் மிகவும் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்டது வாந்திபேதிக் காலங்களில். 19 ஆம் நூற்றாண்டில் கொலரா சீனத்துக்குள் பரவியபோது வாங் ஷிசியோங் என்ற மருத்துவர் அந்த நோயைப் பற்றித் தனிநூல் எழுதி, 1862 இல் அதை விரித்துத் திருத்தினார். கொலராவில் உடலின் நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வடிந்துபோகும். கெண்டைக்கால் தொடங்கி வயிறு வரை தசைகள் இறுகும். கால் இழுக்கத் தொடங்கிவிட்டதா என்பதே நோயின் கடுமையை அளக்கும் அடையாளமாக இருந்தது. அதே நூற்றாண்டில் அதே இழுப்பு மன்னார் மண்ணிலும் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்கள் இந்தக் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். குடிக்க நல்ல தண்ணீரில்லாத அந்த வழியில் கொலரா அவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துச்சலாபத்துக்குக் கூடிய பெருங்கூட்டங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. வழியோரத்தில் கால் இழுத்துக் கிடந்தவர்கள் தங்கள் நோவை என்ன பெயரால் சொன்னார்கள் என்று எழுதிவைக்க அங்கே ஒரு வாங் ஷிசியோங் இருக்கவில்லை. நம் நோய் வரலாற்றின் பெரிய இழப்புகளில் இது ஒன்று.

எழுத்தை நோய்க்குப் பெயராக மட்டுமல்லாமல் மருந்தாகவே பயன்படுத்திய செய்தி இந்த ஆய்வில் எனக்கு மிக வியப்பளித்தது. தாவ் ஹோங்ஜிங் (456–536) என்ற தாவோ மருத்துவ அறிஞர் மூலிகைகளைத் தொகுத்து உரை எழுதியபோது 'முகுவா' என்ற பழத்தைப் பற்றி ஒரு குறிப்புச் சேர்த்தார். சீமை மாதுளையின் உறவான புளிப்புப் பழம் அது. இன்று சீனத்தில் பப்பாசியையும் அதே பெயரால் அழைப்பதால் குழப்பிக்கொள்ளக்கூடாது. பப்பாசி அமெரிக்காவிலிருந்து பின்னாளில் வந்தது. முகுவா இழுப்புக்கு மிகச் சிறந்தது என்கிறார் தாவ். அதோடு நிற்கவில்லை. இழுப்பு வந்த வேளையில் அந்தப் பழத்தின் பெயரைக் கூப்பிட்டாலே போதும், அல்லது இழுத்த இடத்தின்மேல் அந்தப் பெயரின் எழுத்துகளை எழுதினாலே போதும், குணமாகிவிடும் என்கிறார். இதற்குக் காரணம் விளங்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டு முடிக்கிறார். ஆயிரம் ஆண்டு கழித்து லீ ஷிஜென் 1578 இல் முடித்த 'பென்சாவ் காங்மு' பெருநூலும் இக்குறிப்பை விடாமல் எடுத்துவைத்தது.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இங்கிலாந்தின் அரசர்கள் புனித வெள்ளியன்று மந்திரித்துக் கொடுத்த மோதிரங்கள் இழுப்பு நோய்க்காக அணியப்பட்டன. மேரி அரசியின் காலம் வரை அந்தச் சடங்கு நடந்தது. நம்மிடம் சுளுக்குப் பார்க்கிறவர்கள் உண்டு. காலால் பிறந்தவர் தடவினால் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. இவற்றில் பொதுவாக இருப்பவை இரண்டு. இழுப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே விட்டுவிடும். அந்தச் சில நிமிடங்களில் யாராவது தொடவேண்டும், தடவவேண்டும். கெண்டைக்காலின்மேல் எழுதப் போகிறவர் காலைப் பிடித்து நீட்டித்தான் எழுதவேண்டும். நீட்டிய கணத்திலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

நீட்டுவதன் பயனுக்கு இன்று விளக்கம் இருக்கிறது. களைத்துப்போன தசையில், சுருங்கு என்று தூண்டும் உணர்விகள் மிகுந்து, போதும் என்று தடுக்கும் தசைநார் உணர்விகள் தளர்ந்துபோவதால் இழுப்பு வருகிறது என்று 1997 இல் தென்னாபிரிக்காவின் மார்ட்டின் ஷ்வெல்னஸும் அவரோடு ஆய்ந்தவர்களும் எழுதினார்கள். காலை நீட்டிப் பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கினால் தசைநார் இழுபட்டு அந்தத் தடை மீண்டும் வேலைசெய்கிறது. உப்புக் கருத்தும் பொய்யாகிவிடவில்லை. 1923 இல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தாரை ஆராய்ந்த நெவில் மொஸ், வியர்வையில் உப்பை இழந்துவிட்டு வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பவர்களுக்கே இழுப்பு வருகிறது என்று கண்டார். உப்புக் கலந்த தண்ணீர் அவர்களுக்கு உதவியது. வயலுக்குப் போகிறவர் கையில் கொண்டுபோகும் பழந்தண்ணியும் உப்புக் கஞ்சியும் இந்தக் கணக்கைத்தான் தீர்க்கின்றன. வயிற்றோட்டத்தோடு இழுப்பு வந்தால் ஜீவனி என்ற நீரிழப்புக்கான தூளைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜாங் ஜோங்ஜிங்கின் பெயரில் வழங்கும் அந்த இன்னொரு நூலில் 'லுவான்' எழுத்தோடு வரும் காலிழுப்புக்குப் பியோனி வேரும் அதிமதுரமும் சேர்ந்த கசாயம் சொல்லப்பட்டிருக்கிறது. குடித்தவுடன் கால் நீளும் என்பது நூலின் வாக்கு. பின்னாளில் அதற்கு 'ஊன்றுகோலை எறியும் கசாயம்' என்றொரு பெயரும் வந்தது. ஜப்பானில் 68 என்ற எண்ணிட்ட பொட்டலமாக மருத்துவர்கள் இன்றும் எழுதித் தருகிறார்கள். அதிமதுரம் நம் வீட்டு மருந்து என்பதால் தாராளமாகக் குடிக்கலாம் என்று நினைக்கக்கூடாது. அளவு மீறினால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்தால் தசை சோர்ந்து மறுபடி இழுக்கும். மக்னீசியம் மாத்திரை முதியோரின் இரவு இழுப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2020 ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு முடிவு சொன்னது. குவினைனைக் காலிழுப்புக்குக் கொடுப்பதை அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2006 இல் எச்சரித்து நிறுத்தச் சொன்னது.

கடைசியாக, கடலில் முழுகுகிறவர்களுக்கு. சிலிண்டர் கட்டி அட்டைக்கோ சங்குக்கோ இறங்கியவர் மேலே வந்தபிறகு மூட்டு நோகிறது, கால் விறைக்கிறது, நடக்க முடியவில்லை என்றால் அதை நரம்பு இழுப்பு என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டிருக்கக்கூடாது. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைதரசன், வேகமாக மேலேறும்போது குமிழியாகித் திசுக்களை அடைக்கும் நோய் அது. கால் நிரந்தரமாக விழுந்துவிடக்கூடும். மூச்சுப்பிடித்து முழுகிய சலாபக் காலத்துக் குளியாளிகளிடையே இது அரிதாகவே இருந்திருக்கும்; சிலிண்டரோடு கரைக்கு வந்த நோய் இது. அப்படிப்பட்டவரைப் படுக்கவைத்து, ஒட்சிசன் கொடுத்து, அமுக்க அறையுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் எத்தனை பாகம் ஆழத்தில் நின்றீர், எவ்வளவு நேரம் நின்றீர், எப்படி ஏறினீர் என்பவை. அவர் 'நரம்பு இழுக்குது' என்று மட்டும் சொன்னாலும் அந்தக் கேள்விகள் கேட்கப்படவேண்டும்.